செடி டீச்சர் பதில்கள்: வெள்ளைக் கரிசலாங்கண்ணியா, மஞ்சள் கரிசலாங்கண்ணியா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரிசலாங்கண்ணி பற்றித்தான். "வாரம் ஒரு நாள் கரிசலாங்கண்ணி சமைக்கலாம்" என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். எந்தக் கரிசலாங்கண்ணி, வெள்ளையா மஞ்சளா என்று கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். ரோஜாவில் மாவுப்பூச்சி, எலுமிச்சை பூத்தும் காய்க்காதது எல்லாம் அடுத்த மாதம். வழக்கம்போல ஊர்ப் பெயர் மட்டும் போடுகிறேன்.

எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்கார அம்மா கொண்டுவருவது மஞ்சள் பூ பூக்கும் கரிசலாங்கண்ணி. நாட்டு மருந்துக் கடைக்காரர் வெள்ளைப் பூதான் அசல், மஞ்சள் போலி என்கிறார். என் மாமியாரோ, செம்பருத்தியில் சிவப்பும் வெள்ளையும் இருக்கிற மாதிரி, இரண்டும் ஒரே செடிதான் என்கிறார். யார் சொல்வது சரி?
— மன்னார்குடி

மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வது சரியில்லை. கடைக்காரர் சொல்வதும் சரியில்லை. இரண்டும் வேறு வேறு செடிகள். இரண்டும் அசல்தான்.

செம்பருத்தியில் நிறம் மாறினாலும் செடி ஒன்றே. இங்கே இனம் மட்டுமல்ல, பல இனங்களைச் சேர்த்து வைக்கும் பேரினமே வேறு. வெள்ளைப் பூ உள்ளதன் தாவரவியல் பெயர் எக்லிப்டா ப்ராஸ்ட்ராட்டா. பழைய மூலிகைப் புத்தகங்களில் எக்லிப்டா ஆல்பா என்று இருக்கும், அதுவும் இதுவும் ஒன்று. மஞ்சள் பூ உள்ளது ஸ்பாக்னெட்டிகோலா கலெண்டுலேசியா. வாயில் நுழையாத இந்தப் பெயர் 1996இல் வந்தது. அதற்கு முன்னால் வெடேலியா கலெண்டுலேசியா, வெடேலியா சைனென்சிஸ் என்றெல்லாம் எழுதினார்கள். உங்கள் வீட்டில் இருக்கும் மூலிகை அகராதியில் பெரும்பாலும் வெடேலியாதான் இருக்கும். பயப்பட வேண்டாம், அதே செடிதான்.

உங்கள் மாமியாருக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம். செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ் 1753இல் இந்த இரண்டையும் வெர்பெசினா என்ற ஒரே பேரினத்தில்தான் போட்டு வைத்தார். பிரித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். பிரித்தாலும் குடும்பம் ஒன்றுதான்: சூரியகாந்தி, சாமந்தி எல்லாம் இருக்கிற ஆஸ்டரேசி. எங்கள் காலத்துப் பாடப்புத்தகத்தில் கம்போசிட்டே என்று படித்தோம்.

சித்த மருத்துவத்திலும் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வெள்ளைக்குக் கையாந்தகரை, மஞ்சளுக்குப் பொற்றலைக் கையாந்தகரை. ஆயுர்வேதக்காரர்கள் வெள்ளையை பிருங்கராஜ் என்றும் மஞ்சளை பீத பிருங்கராஜ் என்றும் சொல்கிறார்கள். மஞ்சள் போலியாக இருந்தால் அதற்கென்று தனிப் பெயர் வைத்து வைத்தியம் எழுதியிருக்க மாட்டார்கள். கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, வரப்பில் நிற்கும்போது எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பூ நிறம் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கீரைக் கட்டில் பாதி நாள் பூவே இருக்காது. மஞ்சள் பூ பூக்கும் இன்னொரு ஆளும் நடுவில் இருக்கிறார், அவரைப் பற்றிக் கோயம்புத்தூர்க் கடிதத்தில் வருகிறது. என் மாணவிகளுக்கு நான் சொன்ன வரிசை: முதலில் தண்டு, அப்புறம் கணு, அப்புறம் பூக்காம்பு, நிறம் கடைசியில்.

வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் தண்டில் பெரும்பாலும் செம்பழுப்பு ஓடியிருக்கும். நிமிர்ந்து நிற்கும், இல்லாவிட்டால் அடியில் சாய்ந்து நுனியை மட்டும் தூக்கிக்கொள்ளும். நல்ல ஈரமும் உரமும் கிடைத்தால் முழங்கால் உயரத்தைத் தாண்டும். தண்டை இரண்டு விரலால் பிடித்து நுனியிலிருந்து அடிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள், சொரசொர என்று தட்டும். தண்டோடு ஒட்டிப் படுத்திருக்கும் குட்டை முடிகள்தான் காரணம். இது ஓராண்டுச் செடி. விதையிலிருந்து வந்து, பூத்து, விதை போட்டுவிட்டுப் போய்விடும்.

மஞ்சள் அப்படி இல்லை. அது தரையோடு படர்கிற பல்லாண்டுச் செடி. கணுவுக்குக் கணு வேர் விட்டு, அங்கிருந்து புதிதாகக் கிளம்பும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பட் பட்டென்று மண்ணை விட்டு வேர்கள் விடுபடுவது கையில் தெரியும். ஆனால் கணு வேரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஈரத்தில் சாய்ந்து கிடக்கும் வெள்ளையும் அடிக்கணுக்களில் வேர் விடும்.

இலை இரண்டிலும் எதிரெதிராக, ஈட்டி மாதிரி நீண்டு, காம்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவில்தான் இருக்கும். இலையை வைத்துப் பிரிக்கப் பழக்கம் வேண்டும். அதைவிடப் பூக்காம்பு சுலபம். வெள்ளையில் இலைக் கக்கத்திலிருந்து ஒன்றோ இரண்டோ குட்டைக் காம்புகள் வரும், பூத்தலை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. மஞ்சளில் ஒரே பூ, விரல் நீளக் காம்பில் தலை நிமிர்ந்து நிற்கும், அகலம் 2 முதல் 3 சென்டிமீட்டர். தூரத்திலிருந்தே தெரியும்.

வெள்ளைக்கு இன்னொரு அடையாளம் உண்டு, அதுதான் எனக்குப் பிடித்தது. நாலு இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கி விட்டுவிடுங்கள். முதலில் பச்சைச் சாறுதான். கொஞ்ச நேரத்தில் அது கறுத்துக்கொண்டே போகும். தண்டை ஒடித்து வைத்தாலும் ஒடித்த வாய் கறுக்கும். சாற்றில் உள்ள சில பொருள்கள் காற்றில் இருக்கிற ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் நிறம் இது. நெல் வயலில் களை எடுக்கும் பெண்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. குறுவைக் களையெடுப்பு முடிந்து வருகிறவர்களின் விரல்களைப் பார்த்தாலே வயலில் கையாந்தகரை எவ்வளவு இருந்தது என்று தெரிந்துவிடும். பச்சை குத்துவதற்கும் இந்தச் சாற்றைத்தான் பயன்படுத்தினார்கள்.

உங்கள் ஊரில் இரண்டையும் பார்க்கலாம். பாமணியாற்றுப் படுகையை ஒட்டிய வாய்க்கால் ஓரங்களிலும் வயல் வரப்பிலும் வெள்ளை தானாக நிற்கும். மஞ்சள் தானாகவும் வளரும், ஆனால் சந்தைக்கு வருவது பெரும்பாலும் யாரோ பாத்தி கட்டி நட்டது. கீரைக்கார அம்மாவிடம் மஞ்சள் மட்டும் இருப்பதற்கு அதுதான் காரணம். கணு வேர் விடுகிற செடியை நறுக்கி நட்டால் போதும், அறுக்க அறுக்க வரும். வெள்ளையைத் தேடிப் போய்த்தான் பறிக்க வேண்டும்.

கரிசலாங்கண்ணிப் பூ ஒரு பூவே இல்லை, பல பூக்கள் என்று எங்கள் சார் சொன்னார். நிஜமா? ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன்.
— திருத்துறைப்பூண்டி

நிஜம்தான் தம்பி. உங்கள் சாருக்கு என் வணக்கத்தைச் சொல். ஒரு மஞ்சள் கரிசலாங்கண்ணிப் பூவைப் பறித்து, வெள்ளைத்தாளில் வைத்து, குண்டூசியால் பிரித்துப் பார். சுற்றி இருக்கிற ஒவ்வொரு 'இதழும்' தனிப் பூ. அது கதிர்ச் சிறுமலர். நடுவில் குமிழாக இருப்பது குட்டிக் குட்டிக் குழல் பூக்களின் கூட்டம். அவை வட்டுச் சிறுமலர்கள். எல்லாம் சேர்ந்த தலைக்குச் சிரமஞ்சரி என்று பெயர்.

அதே மாதிரி வெள்ளையையும் பிரித்துப் பார், லென்ஸ் வேண்டும். அதில் வட்டுச் சிறுமலரின் வாய் நாலாகப் பிளந்திருக்கும். மஞ்சளில் அஞ்சு. அப்புறம் கதிர்ச் சிறுமலர்களை எண்ணு. மஞ்சளில் பத்துக்கு முன்னே பின்னே, அகலமாக, நுனியில் பல் வெட்டோடு இருக்கும். வெள்ளையில் நூல் மாதிரி மெலிந்து, நெருக்கமாக, நிறைய இருக்கும். எண்ணி முடிப்பதற்குள் உனக்குப் பொறுமை போய்விடும்.

எங்கள் வீட்டு வாசலில் நர்சரியில் வாங்கிய மஞ்சள் கரிசலாங்கண்ணி நட்டேன். இப்போது சுவர் ஓரம் முழுவதும் பரவிவிட்டது. இலை பளபளவென்று, மூன்று பிளவாக இருக்கிறது. பூ நல்ல மஞ்சள். இதைச் சமைக்கலாமா?
— கோயம்புத்தூர்

சமைக்காதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது கரிசலாங்கண்ணி இல்லை. முன்னால் சொன்ன அந்த இன்னொரு ஆள் இதுதான். பெயர் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா, ஆங்கிலத்தில் சிங்கப்பூர் டெய்சி என்பார்கள். சிங்கப்பூருக்கும் அதற்கும் பூர்வீகத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் பக்கத்துச் செடி அது. ஓட்டல் முன்புறங்களிலும் சாலை நடுவிலும் தரையை மூடுவதற்காக உலகம் முழுக்க நட்டார்கள், நட்ட இடத்தில் நிற்காமல் வெளியே போய்விட்டது.

மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இது நெருங்கிய சொந்தம், இரண்டும் ஒரே பேரினம். அதனால்தான் இத்தனை குழப்பம். படர்வது, கணுவில் வேர் விடுவது, நீளக் காம்பில் ஒற்றைப் பூ என்று எல்லாம் பொருந்திப் போகும். பிரிக்க இலையைத்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்க்காரரின் இலை தடிமனாக, எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும். அடியில் அகலமாகி இரண்டு பக்கமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி, மொத்தத்தில் மூன்று மடலாகத் தெரியும். கரிசலாங்கண்ணி இலை மெல்லியது, ஒடுங்கி நீண்டது, மினுக்கு இல்லாமல் சொரசொரப்பானது. ஓரத்தில் பல் வெட்டு இருந்தாலும் மடலாகப் பிரியாது.

உலகத்தின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அதில் இந்தச் செடியும் இருக்கிறது. விதையை நம்பி அது பரவுவதில்லை. ஒரு கணுத் துண்டு மண்ணில் விழுந்தால் போதும். நீங்கள் வெட்டி வாய்க்காலில் போட்டால் அது வாய்க்கால் நெடுகப் போய் இறங்கும். தென் சீனாவில் அது உள்ளூர் மஞ்சள் கரிசலாங்கண்ணியோடு கலந்து கலப்பினமே உண்டாகிவிட்டது என்று அங்குள்ள ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. நம் ஊர் வாய்க்கால் ஓரத்திலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும்?

வேரோடு பிடுங்கி, துண்டு எதையும் விடாமல், வெயிலில் கருவாடாகக் காய்ந்த பிறகு எரித்துவிடுங்கள். குப்பை மேட்டில் வீச வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் அழகாக இருக்கிறது என்று ஒரு கொடி கேட்டால், தயவுசெய்து முகத்தை முறித்துக்கொள்ளுங்கள்.

நர்சரிகள் இரண்டையும் ஒரே பெயரில் விற்பது எனக்குக் கோபம் வரும் விஷயம். கீரை என்று சொல்லி விற்பவர் இலையையாவது பார்க்க வேண்டாமா?

வெள்ளைக் கரிசலாங்கண்ணி என்று நினைத்து நான் பறித்துவந்த செடியில் பூ நடுவில் மஞ்சள், சுற்றி ஐந்து வெள்ளை இதழ். காய்ந்ததும் பஞ்சாகப் பறக்கிறது.
— விருதுநகர்

அது வெட்டுக்காயப் பூண்டு. சில ஊரில் கிணற்றடிப் பூண்டு, சில ஊரில் தாத்தாப் பூ. ட்ரைடாக்ஸ் ப்ரொகம்பென்ஸ். இதுவும் அதே குடும்பம், இதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். கரிசலாங்கண்ணி விதையில் பஞ்சு கிடையாது, பறக்காது, தண்ணீரோடு போகும். உங்கள் ஊர்க் காய்ந்த செம்மண்ணில் ஐந்து இதழ்க்காரர்தான் அதிகம். கரிசலாங்கண்ணி வேண்டுமென்றால் கண்மாய்க் கலிங்கு ஓரம், கிணற்று வாய்க்கால் என்று ஈரம் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

இரண்டிலும் மருந்துச் சரக்கு ஒன்றுதான் என்று படித்தேன். அப்படியானால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பயன்படுத்தலாமா? வேதியியல் மாணவி.
— திருச்சி

நீங்கள் படித்தது வெடெலோலாக்டோன் பற்றியாக இருக்கும். வேதியியல் மாணவி என்பதால் அதன் கதையைச் சொல்கிறேன், உங்கள் பாடத்தில் வந்திருக்காது. 1956இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் கே. நாகராஜன், பி. ஆர். பாய் ஆகியோரும் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதன் மூலக்கூறு அமைப்பையும் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அப்போது செடி வெடேலியா என்ற பேரினத்தில் இருந்ததால் பொருளுக்கு வெடெலோலாக்டோன் என்று பெயர். வெடேலியா என்ற பெயர் ஜெர்மனியில் யேனா நகரத்தில் பேராசிரியராக இருந்த கியோர்க் வுல்ஃப்காங் வெடல் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. செடி பேரினம் மாறிப் போய்விட்டது, பொருள் மட்டும் பழைய பெயரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதே பொருள் வெள்ளையிலும் இருப்பது பிற்பாடு தெரிந்தது. இன்று அந்தப் பெயரைத் தேடினால் வெள்ளையைப் பற்றிய கட்டுரைகள்தான் குவிந்து கிடக்கும்.

இது இரண்டிலும் இருக்கிறது என்பதால் இரண்டும் ஒன்று என்று ஆகாது. ஒரு செடியில் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கும். வெள்ளையில் கந்தகம் உள்ள தயோஃபீன் வகைப் பொருள்கள் வேறு உண்டு. வெடெலோலாக்டோன் அளவும் மண், பருவம், இலையா வேரா என்பதைப் பொறுத்து மாறும். ஒரு சித்த மருத்துவர் கையாந்தகரை என்று எழுதினால் வெள்ளையை வாங்குங்கள், பொற்றலை என்று எழுதினால் மஞ்சளை வாங்குங்கள். சந்தேகம் வந்தால் எழுதியவரையே கேளுங்கள், கடைக்காரரைக் கேட்காதீர்கள்.

பாம்புக்கடிக்குக் கரிசலாங்கண்ணி வேர் மருந்து என்று வாட்ஸாப்பில் வந்தது. "வெளிநாட்டிலேயே நிரூபித்துவிட்டார்கள்" என்றும் இருந்தது.
— விழுப்புரம்

அரைப் பொய்தான் முழுப் பொய்யைவிடக் கெட்டது. பிரேசிலில் 1989இல் வெள்ளைக் கரிசலாங்கண்ணிச் சாரத்தையும் வெடெலோலாக்டோனையும் தென் அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பின் (ராட்டில்ஸ்நேக்) விஷத்தோடு கலந்து சுண்டெலிகளுக்குச் செலுத்திச் சோதித்தது உண்மை. விஷத்தின் வேகம் குறைந்தது என்று கண்டார்கள். ஆனால் அந்தப் பாம்பு வேறு, சுண்டெலி வேறு, சோதனைக்கூடம் வேறு. நம் ஊர் வயலில் கண்ணாடிவிரியன் கடித்தவருக்குச் செடியைத் தேடி நேரத்தை வீணாக்கினால் சிறுநீரகம் கெட்டுப்போகலாம். விஷமுறிவு ஊசி உள்ள அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். அந்த ஊசிக்கு வேண்டிய விஷத்தைப் பாம்பிலிருந்து எடுத்துத் தருகிறவர்கள் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். பாம்பைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததா? அவர்கள் உழைப்பே அந்த ஊசிக்காகத்தான்.

முடி கொட்டுகிறது, நரையும் வந்துவிட்டது. எண்ணெய் காய்ச்ச எது நல்லது? நரை கறுக்குமா?
— சென்னை, மாம்பலம்

எண்ணெய்க்கு வெள்ளைதான். மாம்பலத்தில் வரப்புக்கு எங்கே போவீர்கள், எனவே தொட்டியில் வளருங்கள். வளர்க்கும் முறை கடைசிக் கேள்வியில் இருக்கிறது. சாக்கடை ஓரத்தில் தளதளவென்று நிற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இலையைத் தண்ணீர் அதிகம் சேர்க்காமல் அரைத்துப் பிழிந்து, சாறும் தேங்காய் எண்ணெயும் சம அளவில், அடி கனமான இரும்புச் சட்டியில் சிறு தீயில் வையுங்கள். அவசரப்பட்டால் கெட்டது. சடசடப்பு அடங்கி, அடியில் படியும் கசடு மணல் போல ஆகும்போது இறக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் கசடைத் திரியில் தொட்டு எரித்துப் பாருங்கள். சடசடக்காமல் எரிந்தால் ஈரம் போய்விட்டது. ஈரம் நின்றால் ஒரு வாரத்தில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

நரை கறுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வேரிலேயே நிறமி நின்றுபோன முடிக்கு வெளியிலிருந்து எண்ணெய் தடவி நிறமியை வரவழைக்க முடியாது. சாற்றின் கறுப்பு முடியின் மேல் கொஞ்சம் ஏறும், தலையணை உறையில் அதைவிட நன்றாக ஏறும். முடி திடீரென்று கொத்தாகக் கொட்டினால் இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் பாருங்கள்.

தம்பிக்கு மஞ்சள் காமாலை. மஞ்சள் கரிசலாங்கண்ணி மஞ்சளை எடுத்துவிடும் என்கிறார்கள், கொடுக்கலாமா?
— திண்டுக்கல்

பூ மஞ்சளாக இருப்பதற்கும் கண் மஞ்சளாக இருப்பதற்கும் தொடர்பு கிடையாது. காமாலை ஒரு நோய் இல்லை, அறிகுறி. தண்ணீர் வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ-யாக இருக்கலாம், இரத்தம் வழியாக வரும் பி-யாக இருக்கலாம், பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. கல்லுக்குக் கீரை கொடுத்துக்கொண்டிருந்தால் ஆபத்து. கரிசலாங்கண்ணிச் சாரம் எலிகளின் கல்லீரலை நச்சுப் பொருள்களிலிருந்து ஓரளவு காப்பாற்றியதாக ஆய்வுகள் உண்டு, நம் வைத்திய மரபிலும் கீழாநெல்லியோடு சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஆனால் முதலில் மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை. சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையிலேயே சித்தப் பிரிவு இருக்கும், அங்கே போங்கள்.

பேத்திக்குக் கண் மை போட, கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துத் திரி போடுவது எப்படி? எங்கள் அம்மா செய்வார்கள், எனக்கு முறை மறந்துவிட்டது.
— கும்பகோணம்

வெள்ளைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் பருத்தித் துணியை நனைத்து நிழலில் காயவைத்து, திரியாக்கி, விளக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த செம்புத் தட்டில் படியும் கரியை எடுத்து விளக்கெண்ணெயில் குழைப்பது. செய்து பாருங்கள், வீட்டில் நல்ல வாசனை வரும். ஆனால் குழந்தையின் கண்ணுக்குள் வேண்டாம். விரல் அழுக்கும் கரியும் சேர்ந்து கண்ணில் தொற்று வரும் என்று குழந்தை மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். திருஷ்டிப் பொட்டாகக் கன்னத்தில் வையுங்கள், உங்கள் அம்மாவும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வெள்ளையைச் சமைக்கக் கூடாதா?
— யாழ்ப்பாணம்

தாராளமாகச் சமைக்கலாம். கொஞ்சம் கசக்கும், முடி இருப்பதால் தொண்டையில் லேசாக உரசும். அதனால்தான் கறிக்கு மஞ்சள் என்றும் எண்ணெய்க்கு வெள்ளை என்றும் வீடுகளில் பிரித்து வைத்திருக்கிறார்கள். கரிசாலை என்று கரிசலாங்கண்ணியை வள்ளலார் உயர்வாகச் சொல்லியிருப்பதால் வடலூர் பக்கத்து அன்பர்கள் வீட்டில் பொடியாகவோ கீரையாகவோ அது இல்லாமல் இருக்காது.

வெள்ளையானால் கொழுந்தாகப் பறித்து, பொடியாக அரிந்து, பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துவிடுங்கள். பருப்பு கசப்பை வாங்கிக்கொள்ளும். மஞ்சளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்துப் பொரியல் போதும். இரும்புச் சட்டி இருந்தால் அதில் செய்யுங்கள். பாத்திரம் கறுக்கும், கவலைப்படாதீர்கள்.

மாடியில் இரண்டையும் வளர்க்க முடியுமா? சந்தையில் வாங்கும் கட்டில் பூவே இருப்பதில்லை, அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— மதுரை

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில். அந்தக் கட்டிலிருந்தே முற்றின தண்டாக இரண்டை எடுத்து, நாலு கணு இருக்கும்படி நறுக்கி, ஈர மண்ணில் படுக்கவைத்து, கணு மட்டும் மண்ணில் படும்படி லேசாக அழுத்திவிடுங்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணியாக இருந்தால் பிடித்துக்கொள்ளும். தொட்டி ஆழமாக இருக்க வேண்டாம், அகலமாக இருக்கட்டும். மதுரை வெயிலுக்கு மதியத்தில் நிழல் விழுகிற மூலை நல்லது. இலை மடல் மடலாக மினுங்கி வந்தால் பூ வரும் வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே பிடுங்கிவிடுங்கள்.

வெள்ளைக்கு விதை. பூ உதிர்ந்தபின் பச்சைக் குமிழாக நிற்பதை அது கறுக்கும் வரை விட்டு, கையில் நிமிண்டினால் கறுப்பு விதை கொட்டும். அதை ஈர மண்ணின் மேல் தூவுங்கள், மண்ணைப் போட்டு மூடாதீர்கள். அந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். ஆழப் புதைத்தால் முளைக்காது. விதை முளைக்கவில்லை என்று எனக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாசமாக மண்ணைப் போட்டு மூடியவர்கள்தான். தண்ணீரைப் பூவாளியில் ஊற்றினால் விதை ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், தொட்டியின் அடியில் தட்டு வைத்து அதில் ஊற்றுங்கள். முளைத்த பிறகு தினமும் தண்ணீர் வேண்டும். இந்தச் செடி காய்ந்தால் திரும்ப வராது.